ஒரு தமிழாசிரியையின் பெட்டிகள்: ஆவணக் காப்பாளர்களுக்கும் தமிழாசிரியர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

தேசிய ஆவணக் காப்பகம், தேசிய நூலக வாரியம், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் தாயார் 1960 முதல் 2001 வரை இந்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர். சென்ற ஆண்டு, எண்பத்து நான்கு வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றுள் நகை சொற்பம், காகிதம் ஏராளம். அந்தக் காகிதங்களைப் பற்றியும், அவரைப் போன்றோரின் வீடுகளில் இன்னும் கிடக்கின்ற காகிதங்களைப் பற்றியும் உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். அவருடைய பெயரை இதில் குறிப்பிடவில்லை. தம் பெயர் மேடையில் வாசிக்கப்பட்டாலே கூசிப்போகிறவர் அவர்; தவிர, நான் கேட்கப்போவது அவருக்கென்று ஒரு சிறப்பும் அன்று.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் வீடுகளையும் மறைந்த ஆசிரியர்களின் குடும்பங்களையும் நீங்களே தேடிச்சென்று, அங்கே எஞ்சியிருக்கும் பாடக் குறிப்பேடுகள், மதிப்பெண் ஏடுகள், கையால் செய்த கற்பித்தல் கருவிகள் ஆகியவற்றைப் பார்வையிட்டு, தக்கவற்றைப் பெற்றுப் பேண வேண்டும். தனியாரிடமிருந்து ஆவணங்களைப் பெறும் வழக்கம் உங்களிடம் இருப்பதை அறிவேன். வாய்மொழி வரலாறுகளை 1979 முதலே பதிவுசெய்து வருகிறீர்கள் என்பதையும் அறிவேன். ஆகவே, கதவு மூடியிருக்கிறது என்பது என் குறை அன்று. தங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது அந்தக் கதவுக்குள் கொண்டுசெல்லத் தக்க பொருள்தான் என்று ஆசிரியர் குடும்பங்கள் நினைப்பதே இல்லை. எங்கள் வீட்டிலும் யாரும் நினைக்கவில்லை.

அம்மாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்த வாரத்தில், என் தம்பி பழைய பொருள்கள் வாங்கும் காராங்குனிக்காரரை வரச்சொல்லிவிட்டான். அவன் மீது எனக்கு வருத்தமில்லை. நான்கறை வீட்டில் வாழ்கிற மனிதன், இன்னொரு வீட்டின் பொருள்களை எங்கே வைப்பான்? காராங்குனிக்காரர் பழைய நாளிதழ்களையும் ஒரு மின்விசிறியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, பெட்டிகளை எடுக்க இரண்டாம் முறை மேலே வருவதற்குள், எதிர்வீட்டில் குடியிருக்கும் அம்மாவின் பழைய மாணவி ஒருவர் தற்செயலாக ஓர் ஏட்டைப் பிரித்துப் பார்த்தார். அதில் தம் பெயரைக் கண்டார். அந்த ஒரு தற்செயலால்தான் பெட்டிகள் இன்று என் வீட்டில் இருக்கின்றன. பிற ஆசிரியர்களின் வீடுகளில் எதிர்வீட்டு மாணவி இருந்திருக்க மாட்டார்.

பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குமுன், அவை எப்படிச் சேர்ந்தன என்று சொல்ல வேண்டும். அம்மா செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் கப்பல் பட்டறையில் கூலித் தொழிலாளி. குடியிருப்பை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தார். அந்தக் காலத்தில் அவரைப் போன்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு பெரிய வாசல்கள் இருந்தன. ஒன்று, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழும் அதில் மாணவர் எழுதுவதற்கென இருந்த மாணவர் மணிமன்றமும். மற்றொன்று, 1952இல் சாரங்கபாணியே முன்னின்று தொடங்கிவைத்த தமிழர் திருநாள் விழா. அம்மா மணிமன்றத்துக்குக் கட்டுரை எழுதி அனுப்பியதும், தமிழர் திருநாள் போட்டியில் திருக்குறள் ஒப்புவித்து ஒரு பேனாவைப் பரிசாகப் பெற்றதும் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லப்பட்ட கதைகள். அந்தப் பேனா இல்லை. கட்டுரை அச்சான பக்கம், மடித்த இடத்தில் கிழிந்து, முதல் பெட்டியில் இருக்கிறது.

1960இல் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தார். காலையில் வகுப்பெடுத்துவிட்டுப் பிற்பகலில் பேட்டர்சன் ரோட்டிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பேருந்தேறிச் செல்வது அந்த ஆண்டுகளின் நடைமுறை. தமிழ்ப் பள்ளிகளுக்கு அது நம்பிக்கையின் காலம்போலத் தோன்றியிருக்க வேண்டும். நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று 1956இல் அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்திருந்தது. உமறுப் புலவர் பள்ளி 1960இல் தமிழில் உயர்நிலைக் கல்வியையும் தொடங்கியது. தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் பெற்றோர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு வேலை கிடைப்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறியபோது, கடற்படைத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. அம்மாவின் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்துக் கற்பிக்கும் நிலை வந்தது. பிறகு பள்ளியும் மூடப்பட்டது. தமிழை முழுமையான பயிற்றுமொழியாகக் கொண்ட கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் தன் பணியை முடித்துக்கொண்டது.

இந்த வரலாற்றின் கொள்கைப் பக்கம் ஆண்டுகளோடும் அறிக்கைகளோடும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தவருக்கு அது எப்படி இருந்தது என்பதுதான் பெட்டிகளில் இருக்கிறது. கணக்கும் அறிவியலும் சுகாதாரமும் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்த ஒருவர், திடீரென ஓர் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் மொழி ஆசிரியை ஆனார். அங்கே ஆசிரியர் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. சுற்றறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே வந்தன. முப்பதுகளின் நடுவில், கைக்குழந்தையோடு, அம்மா ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். 1970களின் குறிப்பேடுகளில் ஒன்றின் கடைசிப் பக்கங்களில், கூட்டங்களில் கேட்ட ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலித்தபடியே எழுதி, இரவில் அகராதியைப் பார்த்து எதிரே பொருள் எழுதியிருக்கிறார். 'மாடரேஷன்' (மதிப்பெண் சீராக்கம்), 'ஸ்ட்ரீமிங்' (மாணவரைத் திறன்வாரியாகப் பிரித்தல்), 'ரெமீடியல்' (குறைதீர் கற்பித்தல்) என்று நீள்கிறது அந்தப் பட்டியல். ஒரு கல்விமுறை மாறிய விதத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியில் தமிழ் மாணவர்கள் குறைவு என்பதால் தமிழுக்கென்று தனி அறை இல்லை. நூலகத்தின் ஒரு மூலை, உணவுக்கூடத்தின் கடைசி மேசை, ஓர் ஆண்டு முழுவதும் இசையறை என்று வகுப்பு ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே அம்மாவின் கற்பித்தல் கருவிகள் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கும் அளவிலேயே செய்யப்பட்டவை. அவற்றுள் மின்னட்டைகளை (ஃபிளாஷ் கார்டுகளை) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

காலணிப் பெட்டிகளின் அட்டையை ஒரே அளவாக வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, முன்புறம் படமும் பின்புறம் சொல்லும் எழுதப்பட்ட அட்டைகள் அவை. யானை, தலை, இறால், வெற்றிலை, பானை. இவற்றில் சில அட்டைகளைத் தடவிப் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து இருக்கும் இடம் மட்டும் தடித்திருக்கும். அங்கே ஒரு சிறு தாள்துண்டு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ஒட்டிய 'னை'க்கு அடியில், தும்பிக்கை வளைந்த பழைய 'னை' நிழலாகத் தெரியும். தமிழக அரசு 1978இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைச் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றுக்கொண்டபோது, அம்மா புதிய அட்டைகள் செய்யவில்லை. பழையவற்றின் மேல் ஓர் எழுத்து அகலத்துக்குத் தாள் வெட்டி ஒட்டியிருக்கிறார். 'இறால்' அட்டையில் 'றா'வுக்கு இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதல் துண்டில் கை பழக்கதோஷத்தில் பழைய எழுத்தையே எழுதிவிட்டது போலும். (வகுப்பறையில் புதிய எழுத்துக்கு மாறிவிட்ட அவர், தேக்காச் சந்தைக்குக் கொண்டுபோகும் பட்டியலில் கறிவேப்பிலையையும் வாழையிலையையும் கடைசி வரை பழைய 'லை'யிலேயே எழுதினார். எங்கள் தம்பி அதை 'வீட்டு எழுத்து' என்பான்.)

அடுத்து, உருட்டச்சுத் (சைக்ளோஸ்டைல்) தாள்கள். பள்ளியில் தமிழ்த் தட்டச்சுப்பொறி கிடையாது. மெழுகுத்தாளில் எழுத்தாணி கொண்டு கையால் எழுதி, தவறு நேர்ந்த இடத்தில் திருத்துமையைப் பூசி உலரவிட்டு, மறுபடி எழுதி, பள்ளி அலுவலகத்தில் உருட்டச்சில் ஓட்டுவார். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் அந்த வேலை நடக்கும். நாங்கள் மேசையில் முழங்கை படாமல் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். அந்தத் தாள்கள் இப்போது பழுப்பேறி, மை வெளிறி, ஓரங்களில் வெள்ளிப்பூச்சி அரித்துக் கிடக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னும் சில ஆண்டுகள் சாதாரண அட்டைப்பெட்டியில் இருந்தால் அவை வாசிக்கத் தகுந்த நிலையில் இரா. 1980களில் மாணவர்களை வாசிக்கவைத்துப் பதிந்த ஒலிநாடாக்களும் சில உண்டு. என்னிடம் அவற்றை ஓடவிட்டுக் கேட்கும் கருவிகூட இல்லை.

எல்லாவற்றிலும் அரியவை மதிப்பெண் ஏடுகள் என்பது என் கருத்து. மாணவர் பெயருக்கு எதிரே எண்கள் மட்டும் இருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அருகில், பென்சிலால், பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கின்றன. 'வீட்டில் மலையாளம், கேட்டால் புரிகிறது, பேசத் தயங்குகிறான்.' 'பாட்டி வளர்க்கிறார். பழமொழி நிறையத் தெரியும்.' 'திங்கட்கிழமைகளில் பசியோடு வருகிறாள்.' 'தகப்பனார் இரவுப் பணி; கையெழுத்து வாங்க இரண்டு நாள் கொடுக்க வேண்டும்.' பத்தாண்டு ஏடுகளை வரிசையாகப் புரட்டினால், 'வீட்டில் ஆங்கிலம்' என்ற குறிப்பு முதலில் எங்கோ ஓரிடத்திலும், பிறகு பக்கத்துக்கு ஒன்றாகவும், தொண்ணூறுகளில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் வருவதைக் காணலாம். குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாகவும் 2020இல் 2.5 விழுக்காடாகவும் இருந்தனர் என்று நாம் கவலையோடு பேசிக்கொள்கிறோம். அந்தச் சரிவு தொடங்கியதை ஓர் ஆசிரியை பென்சிலால் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

இந்த ஏடுகளை அப்படியே பொதுவில் வைக்க இயலாது என்பதை நான் உணர்ந்தே எழுதுகிறேன். அவற்றில் இருப்பவை உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர்கள். அவர்களின் பிள்ளைப் பருவத்து வறுமையும் குடும்ப நிலையும் அவர்களுக்கே உரியவை. பெயர்களை மறைத்துப் படியெடுப்பதா, குறிப்பிட்ட காலம்வரை ஆய்வாளர்களுக்கு மட்டும் திறப்பதா, வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்கு நீங்கள் விதிப்பதுபோன்ற அணுகல் நிபந்தனைகளை இவற்றுக்கும் விதிப்பதா என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கத் தமிழ்க் கையெழுத்தை, அதுவும் பழைய எழுத்தை, சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இங்குதான் தமிழாசிரியர் சங்கத்தின் உதவி இன்றியமையாதது. 1951 முதல் இயங்கிவரும் சங்கத்துக்கு யார் எங்கே பணியாற்றினார், யார் இன்னும் இருக்கிறார் என்பது தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே வாரம் ஒருமுறை வந்து இத்தகைய ஏடுகளை வகைப்படுத்தினால், அவர்களுடைய பழைய நினைவுகளும் அந்த மேசையிலேயே வெளிவரும். அதை ஒலிப்பதிவு செய்துகொள்வது உங்களுக்கு எளிது.

ஒலிப்பதிவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் யாரேனும் பேட்டி எடுத்திருந்தால், என்ன கேட்டிருப்பார்கள்? தமிழ்ப்பற்று, தியாகம், இளையருக்கு அறிவுரை. அவர் இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லி முடித்திருப்பார். ஆனால், 'ல', 'ள', 'ழ' மூன்றையும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துக் காட்டினீர்கள் என்று கேட்டிருந்தால், நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, நாவை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டியிருப்பார். கண்ணாடி ஒன்று கொண்டுவரச் சொல்லியிருப்பார். தயவுசெய்து அவர்களுடைய தொழிலைப் பற்றிக் கேளுங்கள். தச்சரிடம் மரத்தைப் பற்றிக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

மகள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் இரண்டு ஆண்டுகள் அவருடைய வகுப்பில் இருந்தேன். பள்ளி வாசலைத் தாண்டியதும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கட்டளை. மறந்துபோய் 'அம்மா' என்று கூப்பிட்டபோது, வகுப்பில் தாயில்லாப் பிள்ளை ஒருத்தி இருப்பதை வீட்டில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் அவர் வெங்காயம் நறுக்கும்போது நாங்கள் தமிழ் முரசை உரக்க வாசிக்க வேண்டும். பிழையாக வாசித்தால் கத்தி நிற்கும். சரியாகத் திருத்தி வாசித்தபின்தான் மறுபடி ஓடும். இரவுச் சாப்பாடு தாமதமானால் எங்கள் உச்சரிப்புதான் காரணம் என்று அப்பா சிரிப்பார்.

பேரப்பிள்ளைகள் காலத்தில் அவர் வேறு மனுஷியாக இருந்தார். 2005இல் தமிழ் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, ஓய்வுபெற்றிருந்த அம்மா அதைக் கடுமையாக எதிர்த்தார். வீட்டில் பேசுவதைப் பள்ளியில் எதற்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். என் மகன் அவர் மடியில் வளர்ந்த ஆண்டுகளில் அந்த வாதம் தளர்ந்தது. அம்மாச்சி தமிழில் கேட்பார். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். வீட்டில் பேசுவதுதான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவர் தம் மடியிலேயே கண்டார். ஒருநாள் என்னிடம், "மொதல்ல பேசட்டும். எழுத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார், நாற்பத்தோர் ஆண்டுகள் எழுத்தைக் கட்டிக்காத்தவர். அதன்பின் பேரனுக்குச் சிவப்பு மையே கிடையாது. அவன் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்குப் போனபோது, ஒவ்வோர் இரவும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். அவன் முகாமிலிருந்து திக்கித் திக்கித் தமிழில் பதில் அனுப்புவான். அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட அவர் திருத்தவில்லை. ஆசிரியை ஒருவர் தம் கொள்கையை எப்படி மாற்றிக்கொண்டார் என்பதும் கல்வி வரலாறுதானே? அந்தக் குரல் செய்திகளையும் தர என் மகன் சம்மதித்திருக்கிறான்.

இங்குள்ள தமிழாசிரியர்களுக்கான நல்லாசிரியர் விருது 2002இல் தொடங்கப்பட்டது. அம்மா அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வுபெற்றுவிட்டார். ஆண்டுதோறும் விருது பெற்றவர்களின் படங்களை நாளிதழில் பார்த்து, தமக்குத் தெரிந்தவர் இருந்தால் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துவார், அவ்வளவுதான். விருதுகள் வேண்டியவை, அவை தொடரட்டும். ஆனால் விருது தொடங்குவதற்கு முன்பே கரும்பலகையை விட்டு இறங்கிய தலைமுறை ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பள்ளிகளில் தமிழிலேயே கணக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். அவர்களில் எஞ்சியிருப்போர் எண்பதைத் தாண்டியவர்கள்.

அம்மாவின் ஈமச்சடங்கு நாளில், அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்ட நாற்காலிகள் போதவில்லை. மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும்வரை வந்துகொண்டே இருந்தார்கள்: பேருந்து ஓட்டுநர், தாதி, வழக்கறிஞர், உணவங்காடிக்காரர் எனப் பலரும். மலாய்ப் பெண்மணி ஒருவரும் வந்தார். பள்ளி அலுவலகத்தில் உருட்டச்சு ஓட்டியவர் அவர்தான். அம்மாவின் கையெழுத்தை வாசிக்கத் தெரியாமலே பதினைந்து ஆண்டுகள் அச்சிட்டதாகச் சொன்னார். அவர்களில் பலர் தாங்களும் பழைய பயிற்சிப் புத்தகங்களை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆசிரியர் வீட்டில் இருப்பதற்கு இணையான மறுபாதி மாணவர் வீடுகளில் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தோன்றியது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் உரைகளும் போட்டிகளும் பல நடக்கின்றன. ஒரு சனிக்கிழமை முழுவதும் நூலகத்தில் ஒரு மேசை போட்டு, பழைய தமிழ்ப் பாடக் காகிதம் எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்று அறிவித்தால் என்ன? விக்டோரியா ஸ்திரீட் நூலகத்திலோ கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்திலோ அந்த மேசை இருக்கலாம். முதல் ஆளாக நான் வருகிறேன்.

அதுவரை காத்திருக்க இயலாதவை மூன்று: ஒலிநாடாக்கள், உருட்டச்சுத் தாள்கள், துண்டு ஒட்டிய மின்னட்டைகள். பசை காய்ந்து, ஒட்டிய எழுத்துகள் உதிரத் தொடங்கிவிட்டன. உதிர்ந்தவற்றை எந்த அட்டைக்குரியது என்று குறித்துத் தனித்தனி உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன். மீண்டும் ஒட்டவில்லை, ஒட்டலாமா கூடாதா என்பதை உங்களிடமுள்ள பாதுகாப்பு வல்லுநர் சொல்லட்டும். பெட்டிகளின் உள்ளடக்கப் பட்டியல் தயாராக இருக்கிறது. இம்மடலின் படியோடு உங்கள் மூவருக்கும் தனித்தனியே அனுப்பியுள்ளேன். யாரேனும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கு நிறைவே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியையின் மகள்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்